தடிமன் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

மெட்ரோ சுரங்கத்தின் கான்கிரீட் வளையத்தைத் தடிமனாக்கினால் பாதுகாப்பு கூடும் என்பது பாதி உண்மைதான். தடிமன் இரட்டித்தால் விறைப்பு, அதாவது வளையாமல் எதிர்க்கும் தன்மை, எட்டு மடங்காகும்; நெகிழ மறுக்கும் அந்த வளையம் கூடுதல் வளைவுத் திருப்புத்திறனை, அதாவது தன்னை வளைக்க முயலும் விசையின் விளைவை, தன்மேல் இழுத்துக்கொள்ளும். சற்றே நெகிழ்ந்தால் பக்கவாட்டு மண் தாங்கிக்கொள்ளும். பிரிட்டிஷ் சுரங்கப் பொறியாளர் மூயர் வுட் 1975-இல் தந்த சூத்திரப்படி, எட்டுத் துண்டுகளை மூட்டி அமைத்த வளையத்தின் விறைப்பு, மூட்டுகளின் சொந்தப் பங்கை விட்டுவிட்டால், மூட்டில்லா வளையத்தில் கால்பங்குதான். அது குறையல்ல.

கவலை வேறிடத்தில். துளையிடும் இயந்திரத்தின் வால்பகுதி நகர்ந்ததும் வளையத்துக்கு வெளியே இடைவெளி விழும். அங்கே கிரௌட் (இடைவெளியை அடைக்கச் செலுத்தும் கலவை) உடனடியாக, சரியான அழுத்தத்தில் நிரம்பாவிட்டால் மேலே தரை அமிழும், வளையம் முட்டை வடிவாகும், மூட்டுகளில் நீரைத் தடுக்கும் ரப்பர் விலகி நீர் கசியும். ஒவ்வொரு வளையத்துக்கும் செலுத்திய கிரௌட்டின் அளவையும் அழுத்தத்தையும் வெளியிடச் சொல்லிக் கேட்கலாமே.

– கட்டமைப்புப் பொறியாளர், சென்னை