உட்கார்ந்து பார்க்கிற வேலை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. போன் பண்ணினால் "மீட்டிங்ல இருக்கேன்ப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

அம்மா என்னிடம் மறைக்கத்தான் பார்த்தாள். ஆபீஸ் செக்கப்பில் உனக்கு பிரஷர் 144/92 என்று வந்ததாம், கெட்ட கொழுப்பும் கூடியிருக்கிறதாம். 34 வயசு! "பார்டர்தான்" என்றாயாம். பார்டரா இல்லையா என்பதை டாக்டர் சொல்லட்டும். வேறு வேறு நாளில் இரண்டு மூன்று தடவை அளந்து பார்த்துவிட்டு அவரிடம் போ.

அதைவிட இன்னொன்றுதான் என்னை உறுத்துகிறது. உங்கள் மாடியில் மத்தியானம் மூன்றரை மணிக்கு எல்லாரையும் எழுப்பி, பத்து நிமிஷம் உடற்பயிற்சி செய்யச் சொல்கிறார்களாம். நீ வெட்கப்பட்டுக்கொண்டு சீட்டிலேயே இருந்துவிடுகிறாயாம்.

அந்த சீட்டில் உன்னை உட்கார வைத்தவன் நான்தான். "படி தாயி, நிழலில் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்குப் போ" என்று நீ பத்தாவது படிக்கும்போதிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். 29 வருஷம் தோல்பையை மாட்டிக்கொண்டு ஓடுகிற பஸ்ஸில் கண்டக்டராக நின்றவனுக்கு வேறு என்ன ஆசை வரும்?

திருநெல்வேலி–பாபநாசம் ரூட் உனக்கு ஞாபகம் இருக்கும். சேரன்மகாதேவியில் ஒரு கூட்டம் ஏறும், அம்பாசமுத்திரத்தில் பாதி இறங்கி அதற்கு மேல் ஒரு கூட்டம் ஏறும். அடுத்த ஸ்டேஜ் வருவதற்குள் முன்படிக்கும் பின்படிக்குமாகப் பிதுங்கிப் போய் டிக்கெட் கிழித்து, டிக்கெட் கணக்கு எழுதுகிற இன்வாய்ஸ் போட்டு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி ஏறி விசில் கொடுக்க வேண்டும். ராத்திரி கெண்டைக்கால் கல்லாக இருக்கும். அதைத் தண்டனை என்றுதான் நினைத்தேன்.

என்னோடு ஒரே வண்டியில் 14 வருஷம் ஓடிய டிரைவர் பெரியப்பாவை நீ மறந்திருக்க மாட்டாய். உனக்கு அல்வா வாங்கி வருவாரே, அவர்தான். நான் நின்ற அதே எட்டு மணி நேரமும் அவர் உட்கார்ந்திருப்பார். 2003-இல் ஒருநாள் கடைசி டிரிப்பில் "வாயு பிடிச்சிருக்கு" என்று சோடா வாங்கிக் குடித்தார். வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர் விடியும்போது இல்லை. 51 வயசு. பீடியும் குடிப்பார், நேரத்துக்குச் சாப்பாடும் கிடையாது, அதனால் எல்லாப் பழியையும் சீட்டின் மேல் போட மாட்டேன். ஆனால் போன மாதம் உன் அக்கா மகள் தன் பிசியோதெரபி பாடத்திலிருந்து ஒன்றை எனக்குப் படித்துக் காட்டினாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

லண்டனில் ஜெரி மோரிஸ் என்று ஒரு டாக்டர். அந்தக் காலத்தில் அங்கே ஓடிய மாடி பஸ்ஸில் டிரைவர் உட்கார்ந்தே இருப்பார், கண்டக்டர் நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்குவார். ஒரு நாளைக்கு 500 முதல் 750 படியாம். ஒரே டிப்போ, ஒரே மாதிரிக் குடும்பம், வேலை மட்டும் வேறு. 31,000 போக்குவரத்துத் தொழிலாளர்களின் கணக்கைப் பார்த்து 1953-இல் எழுதினார்: டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்கு இதயநோய் குறைவு, வந்தாலும் பிந்தித்தான் வருகிறது. குண்டானவர்கள் டிரைவர் வேலைக்குப் போயிருப்பார்கள் என்று சிலர் மடக்கியிருக்கிறார்கள். அவர் விடவில்லை. யூனிஃபார்ம் கால்சட்டையின் இடுப்பளவை எல்லாம் எடுத்துப் பார்த்தார். ஒல்லியோ தொப்பையோ, திடீர்ச் சாவு கண்டக்டர்களுக்குக் குறைவாகவே இருந்தது. என் பேத்தி படிக்கப் படிக்க எனக்குப் பெரியப்பாவின் சீட்தான் கண்ணில் நின்றது.

என் நடையை நான் விரும்பி நடக்கவில்லை தாயி. கவர்ன்மென்ட் சம்பளம் கொடுத்து நடக்க வைத்தது. உன் வேலையில் அது கிடையாது, நீயாகத்தான் எழுந்திருக்க வேண்டும்.

நின்று வேலை பார்க்கிற மேசை வாங்கப் போவதாகச் சொன்னாய். வாங்கு, ஆனால் நிற்பது நடப்பதாகாது. உன் சித்தி ஜவுளிக்கடையில் 11 வருஷம் நின்றே காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு வந்தவள். கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை போட வேண்டும் என்று நம் மாநிலத்தில் 2021-இல் சட்டமே திருத்த வேண்டியிருந்தது. அவளுக்கு உட்காரச் சட்டம், உனக்கு எழுந்திருக்கச் சொல்லி ஆபீஸில் மணி. காலம் இப்படி!

நடந்தால்தான் கெண்டைக்கால் சதை பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளும். சும்மா நின்றால் அது கீழேயே தேங்கும். வாரத்துக்கு 150 நிமிஷமாவது மூச்சு கொஞ்சம் வாங்குகிற மாதிரி நடக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த மூன்றரை மணி பத்து நிமிஷத்துக்கு வாரம் ஐந்து நாளும் எழுந்தால் 50 ஆகிவிடும், கையை மட்டும் ஆட்டாமல் கொஞ்சம் வேகமாகச் செய்தால். மிச்சத்தை ரயிலடியிலிருந்து ஆபீஸ் வரை நடந்து சேர்த்துவிடலாம். ஜிம்முக்கு வருஷச் சந்தா கட்டிவிட்டு ஒரு மாதம் போனாயே, அந்தக் கதை வேண்டாம். டாக்டரைப் பார்க்காமல் ஓட்டம் எதுவும் ஆரம்பிக்காதே.

அப்புறம், பெரியப்பா மாதிரி வாயு என்று சோடா குடித்துக்கொண்டிருக்காதே. பெண்களுக்கு மாரடைப்பு, நெஞ்சுவலியே பெரிதாக இல்லாமல் தாடை வலி, முதுகு வலி, மூச்சுத் திணறல், என்றைக்கும் இல்லாத அசதி என்றும் வருமாம். அப்படி இருந்தால் எனக்குப் போன் பண்ணாதே, 108-க்குப் பண்ணு.

அந்த மோரிஸ் பின்னால் ஆபீஸ்காரர்களையும் விடவில்லை. பிரிட்டனில் உட்கார்ந்தே வேலை பார்க்கும் ஏறத்தாழ 17,000 அரசு அதிகாரிகளைப் பிடித்து, முந்தின வெள்ளி, சனி என்னென்ன செய்தீர்கள் என்று திங்கட்கிழமை காலையில் எழுதி வாங்கியிருக்கிறார். நல்ல வேகமாக உடம்பை அசைத்தவர்களுக்கு இதயநோய் ஆபத்து மற்றவர்களில் மூன்றில் ஒரு பங்குதான் என்று 1973-இல் வந்தது. அவரும் 99 வயசு வரை இருந்தார்.

எனக்கு அந்தத் திங்கட்கிழமை ஏற்பாடு பிடித்திருக்கிறது. வருகிற திங்கள் காலையில் வெள்ளி, சனிக் கணக்கை வாட்ஸப்பில் அனுப்பு. எத்தனை படி ஏறினாய், எத்தனை நிமிஷம் நடந்தாய், மூன்றரை மணிக்கு எழுந்தாயா என்று எழுது. காலியாக இருந்தால் காலி என்றே எழுது. பொய்க் கணக்கு வேண்டாம், நான் 29 வருஷம் இன்வாய்ஸ் போட்டவன்.

அன்புடன்,
அப்பா

பி.கு: நீ கேட்ட நார்த்தங்காய் ஊறுகாயை அம்மா பாட்டிலில் அடைத்துவிட்டாள். டாக்டரைப் பார்த்துவிட்டுச் சொல், அதுவரை அது என் அலமாரியில் இருக்கும்.