சரசுவுக்கு, மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து

அன்புள்ள சரசு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்து, இப்போது கோல் இல்லாமல் சமையலறை வரை நடக்கிறாய் என்று படித்த பிறகுதான் மனசு அடங்கியது. பேத்தி தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்ந்த சேதியை இரண்டு தடவை வாசித்தேன். கிள்ளானில் இத்தனை வருஷம் இருந்தும் நீ அதை விடவில்லை பார், அதுதான் எனக்குச் சந்தோஷம்.

இங்கே மழை விடவில்லை. வீட்டுக்காரருக்கு இனிப்பு நீர் நோய் கட்டுக்குள் இருக்கிறது. போன மாதம் நம் பழைய ரப்பர் தோட்டத்துப் பக்கம் போயிருந்தேன். நம் லயத்து வரிசை வீடுகள் இருந்த இடமே தெரியவில்லை, எல்லாம் செம்பனை. விடியற்காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டு மணி தொங்கிய மரம் மட்டும் நிற்கிறது. அதன் கீழே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

"உன் வகுப்பு என்னாச்சு?" என்று கடைசி வரியில் கேட்டிருந்தாய். ஃபோனில் இரண்டு வார்த்தையில் சொல்லியிருக்கலாம், மனசு வரவில்லை. உட்கார்ந்து எழுத வேண்டிய விஷயம் இது.

ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து, பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து வாசிக்கும் வகுப்பு ஒன்றைக் கோயில் மண்டபத்தில் தொடங்கினோம் என்று எழுதியிருந்தேன் அல்லவா? செப்டம்பர் 8, உலக எழுத்தறிவு நாளிலேயே திறப்பு விழா வைத்தோம். வாசலில் 'எழுத்தறிவு வகுப்பு' என்று பெரிய பேனர். பிரமுகர் வந்தார், விளக்கேற்றினார், எல்லாரையும் நிற்க வைத்துப் படம் எடுத்தோம். முதல் நாள் 19 பேர். மூன்றாம் வாரம் 3 பேர். அந்த மூன்றில் இருவர் கோயிலுக்கு வந்த பாட்டிமார்கள், மழைக்கு ஒதுங்கியவர்கள்.

எனக்குக் கோபம் வந்தது சரசு. "இந்தச் சனங்களுக்கு அக்கறை இல்லை" என்று வாய்விட்டே சொன்னேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்தவள், பெற்றோர் கூட்டத்துக்கு வராத ஒவ்வொரு குடும்பத்தைப் பற்றியும் இதே வார்த்தையைத்தான் சொல்லியிருக்கிறேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று இந்த ஒரு வருஷத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

பிறகு வீடு வீடாகப் போனேன். தோட்டம் கைமாறியபோது வெளியே வந்த குடும்பங்கள் நிறைய பேர் இப்போது டவுனுக்குப் பின்னால் இருக்கும் அடுக்குமாடியில் இருக்கிறார்கள். லிஃப்ட் கிடையாது, ஐந்து மாடியும் ஏறித்தான் போனேன். முதல் வீட்டிலேயே பதில் கிடைத்தது. ஒரு பையன், பதினொரு வயது இருக்கும், கதவைத் திறந்துவிட்டு, "அம்மா வரமாட்டாங்க டீச்சர்" என்றான். ஏன் என்றேன். "அந்தப் படம் வாட்ஸ்அப்ல வந்துருச்சு. ஃபேக்டரில எல்லாரும், உனக்குப் படிக்கத் தெரியாதான்னு கேட்டாங்களாம்."

நாங்கள் ஆசையாக எடுத்த படம்! இருபது வருஷமாகத் தனக்கு எழுத்துத் தெரியாது என்பதை மறைத்து மறைத்து வாழ்ந்தவள் அவள். கண்ணாடி கொண்டு வரவில்லை என்பாளாம், கை வலிக்கிறது நீங்களே நிரப்புங்கள் என்பாளாம். அப்படிக் காப்பாற்றி வைத்த மானத்தை நாங்கள் ஒரே படத்தில் ஊருக்குச் சொல்லிவிட்டோம். பேனரை அன்றைக்கே கழற்றினேன்.

இரண்டாவது, விண்ணப்பப் பாரம். நாங்கள் வகுப்பில் சேர ஒரு பாரம் வைத்திருந்தோம்: பெயர், ஐசி என்கிற அடையாள அட்டை எண், முகவரி, பிள்ளையின் பிறப்புப் பத்திர எண். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் சேர்வதற்கு எழுதி நிரப்ப வேண்டிய பாரம்! மூன்று டீச்சர்கள் உட்கார்ந்து தயாரித்தோம், ஒருவருக்கும் தோன்றவில்லை. அதைவிட அந்த ஐசி கட்டம்தான் ஆளை விரட்டியது. நம் தோட்டத்திலேயே குடியுரிமை இல்லாமல் சிவப்பு ஐசி வைத்திருந்தவர்கள் எத்தனை பேர், உனக்கு நினைவிருக்கும். இன்னும் இருக்கிறார்கள். கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவு செய்யவில்லை என்ற குடும்பங்களும் இருக்கின்றன. 1982 மார்ச் முதல் தேதியிலிருந்து பதிவு கட்டாயம் என்பது லயத்து வீடுகளுக்கு யார் போய்ச் சொன்னது? பதிவில்லாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்கு அப்பா குடிமகனாக இருந்தாலும் அவருடைய குடியுரிமை வராது, அம்மாவுடையதுதான். அம்மாவிடம் பத்திரம் இல்லையென்றால் பிள்ளைக்கும் இல்லை. அப்படி ஒரு வீட்டில் ஒன்பது வயதுப் பையன் பள்ளிக்கூடமே போகாமல் இருக்கிறான். 2003 முதல் ஆரம்பக் கல்வி கட்டாயம் என்று சட்டம் வந்திருக்கிறது, அந்தச் சட்டத்தின் கண்ணில் இவன் படவே இல்லை. நான் பாரத்தை நீட்டியதும் அவன் பாட்டி, "இதுல எழுதுனா ஆபீஸ்காரங்க வருவாங்களாம்மா?" என்று கேட்டார். பாரத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

நேரத்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீ ஃபேக்டரியில் இருந்தவள். காலை ஏழு முதல் இரவு ஏழு வரை ஷிப்ட். விடியுமுன்னே பஸ் வந்து நிற்கும், வீடு திரும்ப இரவு எட்டு. நாங்கள் வகுப்பு வைத்தது இரவு ஏழரைக்கு, அதுவும் இரவுச் சந்தை நாளில். குறைந்தபட்ச மாதச் சம்பளம் இப்போது 1,700 வெள்ளி, அதாவது ரிங்கிட். கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஒரு மணி நேர ஓவர்டைம் 12 வெள்ளிக்குக் கொஞ்சம் மேல் வருகிறது. ஓவர்டைமை விட்டுவிட்டு எங்கள் இரண்டு மணி நேர வகுப்புக்கு வந்தால் அவளுக்கு 24 வெள்ளி போகும். இலவச வகுப்பு என்று நோட்டீசில் அடித்திருந்தோம். மோட்டார் வீட்டுக்கு ஒன்று, அதையும் புருஷன் எடுத்துக்கொண்டு போய்விடுவார். கைக்குழந்தையை யார் பார்ப்பது? தோட்டத்திலாவது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக ஆயாக் கொட்டகை இருந்தது.

இப்போது ராஜியைப் பற்றிச் சொல்கிறேன். மூன்றாம் மாடி. முப்பத்தெட்டு வயது. அம்மா பால்மரம் வெட்டப் போகும்போது தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டாம் ஆண்டோடு நிறுத்தப்பட்டவள். மலாய் சரளமாகப் பேசுவாள், அலுவலகத்தில் சண்டையே போடுவாள், ஆனால் ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. நான் போனபோது மாமியாரின் மருந்துப் பைகளை மேசையில் பரப்பி வைத்திருந்தாள். "இது பிரஷருக்கு, இது இனிப்பு நீருக்கு" என்று அவளுக்கு நிறத்தால்தான் தெரியும். ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை. ஒரு தடவை கிளினிக்கில் கொடுத்தது வேறு கம்பெனி மாத்திரை. மருந்து அதேதான், நிறம்தான் வேறு. இரண்டும் வெள்ளையாகிவிட்டன. பிரஷர் மாத்திரையை இரண்டு மடங்கு கொடுத்திருக்கிறாள். மாமியார் குளியலறையில் மயங்கி விழுந்து நெற்றியில் நான்கு தையல். பையின் மேல் எல்லாம் தெளிவாக அச்சடித்திருக்கிறது: 'சத்து பிஜி, டுவா காலி செஹாரி, செலெபாஸ் மாக்கான்.' ஒரு மாத்திரை, ஒரு நாளைக்கு இரண்டு தடவை, சாப்பிட்ட பிறகு. வாசித்துக் காட்டினேன். "இவ்வளவுதானா டீச்சர்? இது எனக்கு நல்லாத் தெரிஞ்ச பேச்சாச்சே" என்றாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. எனக்கும்தான்.

நான் பையிலிருந்து தமிழ் அரிச்சுவடியை எடுத்தேன். ராஜி அதைத் தொடவில்லை. "கோவிச்சுக்காதீங்க டீச்சர். எனக்கு மொதல்ல இந்தப் பையை வாசிக்கணும். மகன் ஸ்கூல்ல இருந்து வர்ற கடுதாசியை வாசிக்கணும். தமிழ் அப்புறம்" என்றாள்.

என்னிடம் ஒருத்தி இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். தமிழ்ப்பள்ளி, தமிழ் எழுத்து என்றே வாழ்ந்தவள் நான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மண்டப வகுப்பில் 247 எழுத்தும் உள்ள அட்டையைச் சுவரில் மாட்டி வைத்திருந்தேனே, அது ஞாபகம் வந்தது. அவளுக்கு மலாய் எழுதும் ரூமி எழுத்து, அதாவது ஏபிசி, 26. பேச்சு ஏற்கெனவே வாயில் இருக்கிறது, எழுத்தோடு அதைக் கோர்த்தால் போதும். அவள் தேவை அது. நான் கொடுக்க நினைத்தது என் ஆசை. மறுநாள் மருந்துப் பையையே பாடமாக வைத்து 'மா-க்கான்' என்று தொடங்கினோம். ஆறு வாரத்தில் பையை வாசித்தாள். வாசித்த வேகத்தில் சம்பளக் கடுதாசியை எடுத்து, எதற்கோ மாதாமாதம் 15 வெள்ளி பிடித்திருப்பதைக் கண்டுபிடித்தாள். எட்டாவது வாரம் அவளே கேட்டாள், "சின்னவன் தமிழ்ப் புத்தகத்தை ராத்திரி என்கிட்ட வாசிச்சுக் காட்டுறான். சரியா வாசிக்கிறானா, சும்மா அடிச்சு விடுறானான்னு தெரியல. எனக்கும் தமிழ் சொல்லிக் கொடுங்க." இப்போது 'படம், பட்டம், பாடம்' வரை வந்திருக்கிறாள்.

நம் அம்மாக்களை நினைத்துக்கொள்கிறேன் சரசு. 1923 தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. அதனால்தான் நம் தோட்டத்திலும் ஒரு கொட்டகை இருந்தது. இருந்தும் உன் அம்மாவும் என் அம்மாவும் கைநாட்டுத்தான். ரப்பர் பால் பிடிக்கும் மங்கு துடைக்க ஆள் வேண்டும், பிள்ளை பார்க்க ஆள் வேண்டும், பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு. பள்ளிக்கூடம் பத்தடியில் இருந்தாலும் அவர்களுக்கு எட்டவில்லை.

ஆனால் அதே அம்மாக்கள் ஒன்றில் சேர்ந்தார்கள். நம் ஊர்க்காரர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது, மாதம் பத்து வெள்ளி என்று என் அம்மா கட்டினாரே, அந்த ரசீதுகளைத் தகர டப்பாவில் சாகும்வரை வைத்திருந்தார். ஒரு வரி வாசிக்கத் தெரியாதவர் தோட்டம் வாங்கப் பங்கு போட்டார்! எப்படி என்று யோசித்துப் பார்த்தேன். சங்கத்துக்காரர்கள் தோட்டம் தோட்டமாக வந்து, சனங்களின் பேச்சிலேயே பேசினார்கள். அம்மா எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் சொல்லிக் கொடுத்தார்கள் என்று படித்திருக்கிறேன். அப்போது அது எனக்கு ஒரு அழகான செய்தி, அவ்வளவுதான். இன்று அதன் அர்த்தம் புரிகிறது. வகுப்புக்குப் போக வழி இல்லாதவளிடம் புத்தகத்தை மட்டும் நீட்டி என்ன செய்வது?

அதனால் மண்டபத்தை விட்டுவிட்டோம். இப்போது அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில், சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில், ஞாயிறு மூன்று மணிக்குப் பாய் விரிக்கிறோம். பேனர் கிடையாது, பாரம் கிடையாது, படம் எடுக்கக் கூடாது. எங்களில் ஒருத்தி கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். கோப்பியும் அவித்த மரவள்ளிக்கிழங்கும் உண்டு. பிள்ளைக்குக் கதை வாசித்துக் காட்டத்தான் வந்தோம் என்று சொல்லிக்கொண்டு தாய்மார்கள் வரலாம், யாரும் எதுவும் கேட்பதில்லை. ஏழு குடும்பம் வருகிறது. சில வாரம் நாலு.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. ஆண்கள் ஒருவர்கூட உட்காரவில்லை, தூணுக்குப் பின்னால் நின்று சிகரெட் பிடித்தபடி கேட்கிறார்கள். ஒருவர் மட்டும் என்னிடம் வந்து, சின்ன வயதில் வாத்தியார் சிலேட்டால் தலையில் அடித்த கதையைச் சொன்னார். ஐம்பது வயதுக்காரர், சொல்லும்போது கை தலைக்குப் போனது. அவரை எப்படி உட்கார வைப்பது என்று தெரியவில்லை. நன்றாகப் படித்துக்கொண்டிருந்த இன்னொருத்தி, "இவ பெரிய டீச்சராகப் போறா" என்று புருஷன் தினம் சொல்லிக் குத்தியதில் நின்றுவிட்டாள். அந்த ஒன்பது வயதுப் பையன் ஞாயிறுதோறும் முதலில் வந்து பாய் விரிக்கிறான். என்னைவிட வேகமாகக் கூட்டல் போடுகிறான். அவன் பத்திரத்துக்காக மனுப் போட்டிருக்கிறோம், இரண்டு தடவை அலைந்தாயிற்று. மூன்றாம் தடவை அடுத்த மாதம் அவன் பாட்டியோடு நானும் போகிறேன்.

இப்போது உன்னிடம் ஒரு உதவி. ராஜிக்கு இதுவரை யாரும் கடிதம் போட்டதில்லையாம். கரண்ட் பில், தண்ணீர் பில் தவிர அவள் பெயருக்கு ஒன்றும் வந்ததில்லை. நீ ஒன்று எழுது. உன் எழுத்து முத்து முத்தாக இருக்கும், நம் வகுப்பிலேயே உன்னுடையதுதான் நன்றாக இருக்கும். பெரிய எழுத்தில் எழுது, நான்கு வரி போதும், கூட்டெழுத்து வேண்டாம். முழங்காலைப் பற்றி எழுது, பேத்தியைப் பற்றி எழுது. உறையின் மேல் அவள் பெயரைத் தமிழில் எழுதி, முகவரியை ரூமியில் எழுது, இரண்டையும் அவளே வாசிக்கட்டும். என் வீட்டுக்கு அனுப்பாதே, அவள் பெட்டிக்கே வரட்டும். பிளாக்கும் வீட்டு எண்ணும் தனித்தாளில் வைத்திருக்கிறேன்.

அவள் பதில் எழுத நாளாகும், பொறுத்துக்கொள்.

அன்புடன்,
லெட்சுமி