மோர் டம்ளர்: ஓசூரில் இருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. கடை வாசலில் யூரியா மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது, லாரிக்காரர் ரசீதுக்கு நின்றுகொண்டிருந்தார். "யோசித்துச் சொல்கிறேன்" என்று வைத்துவிட்டேன். யோசித்தாயிற்று. போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் எழுத்தில். உன் பெயரும் பையன் பெயரும் இல்லாமல் எல்லோரும் படிக்கும்படி வைக்கிறேன். உன்னைப் போலவே யோசிக்கும் அப்பாக்கள் நம் பக்கத்தில் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நீ சொன்னது இதுதான். பையனுக்குப் பதினேழு நடக்கிறது. இன்னும் கொஞ்ச நாளில் பெங்களூருவில் கல்லூரி, விடுதி. அங்கே எவனோ ஊற்றிக்கொடுப்பதற்கு முன்னால் வீட்டிலேயே, உன் கண் எதிரிலேயே அரை கிளாஸ் பீர் கொடுத்துப் பழக்கிவிடலாம். கம்பெனி உன்னை ஜெர்மனியில் இருக்கும் ஸ்டுட்கார்ட்டுக்கு அனுப்பியிருந்தபோது அங்கே குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து குடித்ததைப் பார்த்தாய். ஒருவரும் சாக்கடையில் விழுந்து கிடக்கவில்லை. போதாததற்கு, "அதியமான் ஔவைக்குக் கள் கொடுத்த தர்மபுரிக்காரன் நீ, நீயே தடுக்கலாமா?" என்று ஒரு கிண்டல் வேறு.

முட்டாள்தனமான யோசனை என்று நான் சொல்லமாட்டேன். ஜெர்மனியில் சட்டமே அப்படித்தான் இருக்கிறது. பெற்றோர் உடன் இருந்தால் 14 வயதிலேயே பீரும் ஒயினும் குடிக்கலாம். 16 ஆனால் தானே வாங்கிக்கொள்ளலாம். பிராந்தி, விஸ்கிக்கு மட்டும் 18. இங்கே தமிழ்நாட்டில் 21. உன் வீட்டிலிருந்து அத்திப்பள்ளியைத் தாண்டினால் அதுவே குழப்பம்: கர்நாடகத்தின் மதுச் சட்டம் 18 என்கிறது, அதன் கீழ் போட்ட விதி 21 என்கிறது. விதியையும் 18க்கு இறக்க 2023 ஜனவரியில் ஒரு வரைவு வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டார்கள். புதுச்சேரியில் 18, கேரளத்தில் 23, டெல்லியில் 25. ஒரு பையன் ரயில் ஏறி ஊர் சுற்றினால் போதும், ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் அவன் விவரம் தெரிந்தவனாகவும் தெரியாதவனாகவும் மாறிக்கொண்டே போவான்! ஆகவே வயதை வைத்து நான் உன்னிடம் வழக்காட வரவில்லை.

அளவைக் கொஞ்சம் பார். அங்கே அரை லிட்டர் பீரில் இருப்பது சுமார் 20 கிராம் ஆல்கஹால். அதைச் சாப்பாட்டோடு ஒரு மணி நேரம் வைத்துக் குடிப்பார்கள் என்று நீயே சொன்னாய். நம் ஊர் குவார்ட்டர் 180 மில்லி, பாட்டிலில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். கணக்குப் போட்டால் 60 கிராமுக்கு மேல். மூன்று ஜெர்மன் கிளாஸை நம் ஆள் ஒரு வாட்டர் பாக்கெட்டும் வேகவைத்த கடலையும் வைத்துக்கொண்டு, நின்றபடியே, பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு வண்டியை உதைக்கிறான். விடுதியில் உன் பையனுக்கு நீட்டப்படுவது இந்தக் குடிதான். ஸ்டுட்கார்ட் மேசையில் உட்கார்ந்து கற்றது இதற்கு எந்த வகையில் உதவும்?

அதியமான் கதையும் அப்படித்தான். கள் கொஞ்சமாகக் கிடைத்தால் ஔவைக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் அவர் பாட இவன் மகிழ்ந்து குடிப்பான் என்பதுதானே அந்தப் புறநானூற்றுப் பாட்டு. அது சபையில், எல்லோரும் பார்க்க, பாட்டோடு நடந்தது. நம் குடிக்குப் பாட்டும் கிடையாது, சபையும் கிடையாது. புளியமர மறைவு மட்டும் உண்டு. நீ அதியமானை இழுத்தால் நான் ராஜாஜியை இழுப்பேன். அவர் பிறந்த தொரப்பள்ளி உன் வீட்டுக்குப் பக்கம்தானே. முதல்வரானதும் 1937 அக்டோபர் 1 அன்று அவர் மதுவிலக்கைத் தொடங்கியது சேலம் மாவட்டத்தில்; அன்று நம் தர்மபுரியும் உன் ஓசூரும் அந்தச் சேலத்துக்குள்தான் இருந்தன. போன வருமானத்துக்கு ஈடாக 1939இல் விற்பனை வரி வந்தது. மதுவிலக்கு போய்விட்டது, வரி வேறு பெயரில் இன்னும் இருக்கிறது. மூட்டைக்கு மூட்டை ரசீது எழுதும் எனக்கு அவ்வப்போது இது ஞாபகம் வரும்.

சரி, நம் பிள்ளைகளுக்கு யார் பழக்குகிறார்கள்? விடுதியில் இருக்கும் அந்த "எவனோ" இல்லை, தம்பி. முனியப்பனுக்குக் கிடா வெட்டு என்றால் படையலில் சுருட்டோடு ஒரு பாட்டிலும் இருக்கும். படையல் முடிந்ததும் பெரியவர்கள் மரத்தடிக்கு ஒதுங்குவார்கள். ஐந்தாவது படிக்கும் பையனைக் கூப்பிட்டு, "ஓடிப்போய் நாலு டம்ளர், ரெண்டு தண்ணீர் பாக்கெட் வாங்கி வா, மீதி சில்லறை உனக்கு" என்பார்கள். நாக்கில் படுவதற்கு ஐந்தாறு வருடம் முன்பே அவனுக்கு எல்லாம் பாடமாகிவிடுகிறது: மூடியை எப்படித் திருகுவது, எவ்வளவு தண்ணீர் கலப்பது, பெண்கள் வந்தால் எதைக் கொண்டு மறைப்பது. போன மாதம் என் கடைக்கு எதிரே சீருடை மாட்டிய ஒரு பையன், முன்பின் தெரியாத ஒருவரிடம் பணம் கொடுத்து மதுக்கடைக்கு அனுப்பிவிட்டு மொபெட் மேல் உட்கார்ந்திருந்தான். வாங்கி வந்தவருக்கு என் வயது இருக்கும். கமிஷன் இருபது ரூபாயை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டு, "பார்த்துப் போ கண்ணு" என்றார். கடைக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது, அவர் 21 தாண்டியவருக்குத்தான் விற்றார். எல்லை தாண்டி வரும் கர்நாடகப் பாக்கெட் இதைவிட வசதி. 90 மில்லி, பார்த்தால் மாம்பழ ஜூஸ் டப்பா மாதிரி, புத்தகப் பையின் பக்கவாட்டு அறையில் நிமிர்ந்து நிற்கும்.

உனக்கு ஊற்றியவன் யார்? நான். 1996, ஒகேனக்கல், பதினெட்டாம் பெருக்கு. உனக்குப் பதினாறு, எனக்கு இருபத்துமூன்று. ஆற்றில் தண்ணீர் சிவப்பாகப் போய்க்கொண்டிருந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, பொரித்த மீனை இலையில் வைத்துக்கொண்டு, பரிசல் துறைக்கு மேலே பாறை மறைவில் உட்கார்ந்தோம். டம்ளர் இல்லை. பாட்டி மோர் குடிக்கக் கொடுத்தனுப்பிய எவர்சில்வர் டம்ளரில்தான் ஊற்றினேன், தாத்தாவின் பெயர் வெட்டியிருக்குமே, அதில். "ஆம்பளைன்னா தெரிஞ்சுக்கணும்" என்று நான் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. நீ ஒரு வாய் குடித்துவிட்டுப் பாதியை மீன்மேல் துப்பினாய். அத்தை மகன் துப்பவில்லை. அவனுக்குப் பதினேழு. ஒரே மடக்கில் குடித்துவிட்டு, டம்ளரை என்னிடம் திருப்பி நீட்டினான்.

அன்று சாயங்காலம் பாட்டி அந்த டம்ளரைக் கழுவ எடுத்தவர் ஒரு கணம் முகர்ந்து பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தார். மறுநாளிலிருந்து அது கோழிக்குத் தவிடு அள்ளும் டம்ளர் ஆகிவிட்டது.

"நான் என்ன கெட்டா போய்விட்டேன்?" என்று நீ கேட்பாய். இல்லை. மாதம் இரண்டு பீர், அதோடு சரி. நானும் எப்போதாவது குடிப்பதோடு இருபது வருடம் ஓட்டினேன். (நிறுத்தியது அத்தை மகன் சாவைப் பார்த்து என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பொய். அதற்கு இரண்டு வருடம் கழித்துச் சர்க்கரை வந்து, டாக்டர் திட்டியதால்தான் நிறுத்தினேன்.) அத்தை மகன் மாங்கூழ் தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்த நாட்களில் காலையில் டீக்கடையில் நீ பார்த்ததில்லை. இரண்டு கையால் பிடித்தும் டீ சட்டையில் சிந்தும். மதுக்கடை பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் திறக்கும். அவனுக்கு ஆறு மணிக்கே வேண்டும். அந்தக் கர்நாடகப் பாக்கெட்டுகளின் விலை எனக்குத் தெரிந்தது அவன் மூலம்தான். 2018இல், முப்பத்தொன்பது வயதில், வயிறு வீங்கிப் போனான்.

ஒரே பாட்டில், ஒரே டம்ளர், ஒரே ஊற்று. மூவரில் யாருக்கு அது பிடித்துக்கொள்ளும் என்று ஊற்றியவனுக்குத் தெரியவில்லை. குடிக்கு அடிமையாவதில் பரம்பரைக்குச் சுமார் பாதிப் பங்கு உண்டு என்கிறார்கள். அத்தை மகனுக்கு ஓடிய ரத்தம்தான் உனக்கும் உன் மகனுக்கும் ஓடுகிறது. யோசித்து முடிவெடுக்க உதவும் முன்மூளை இருபதுகளின் நடுவில்தான் முழுதாக முதிர்கிறது. பெற்றோரே கொடுத்துப் பழக்கினால் பாதுகாப்பு என்ற உன் வாதத்தையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 1,900க்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஆறு வருடம் தொடர்ந்து கவனித்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். பெற்றோர் கொடுத்ததால் எந்தப் பாதுகாப்பும் கிடைத்ததாகத் தெரியவில்லை. அப்படிப்பட்ட பிள்ளைகள் வெளியேயும் வாங்கிக் குடிக்கும் வாய்ப்புத்தான் கூடியிருந்தது. அப்பா கொடுத்தது அனுமதிச் சீட்டாகிவிடுகிறது.

அவன் குடிக்கவே மாட்டான் என்று நான் சொல்லவரவில்லை. விடுதியில் யாராவது நீட்டத்தான் செய்வான். அப்போது அவனிடம் இருக்க வேண்டியது பீர் பழகிய நாக்கு இல்லை. "எங்கள் குடும்பத்துக்கு இது ஆகாது" என்று வெட்கப்படாமல் சொல்ல ஒரு கதை வேண்டும். குடித்தவன் ஓட்டும் வண்டியில் ஏறாதே, இரவு இரண்டு மணி ஆனாலும் போன் செய், ஓசூரிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வருகிறேன், அன்றைக்கு ஒரு கேள்வியும் கேட்கமாட்டேன் என்று நீ வாக்குக் கொடு. கொடுத்தால் காப்பாற்று. உனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

அந்தக் கதையைச் சொல்ல வேண்டியவன் நான். அத்தை மகனுக்கு முதலில் ஊற்றியது யார் என்று அத்தையிடம் இத்தனை வருடமாக நான் சொல்லவில்லை. நீயும் காட்டிக்கொடுக்கவில்லை. அத்தைக்குப் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் அண்ணன் இதை இங்கே எழுதுகிறான் என்று நீ நினைத்தாலும் தப்பில்லை.

ஆடிப் பதினெட்டுக்குப் பையனை அழைத்துக்கொண்டு வா. ஒகேனக்கல் வேண்டாம், கூட்டம். அத்தை வீட்டில் களியும் கோழிக் குழம்பும் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அவனும் அத்தையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது சொல்லிவிடுகிறேன். நீயும் இரு. தவிட்டு டம்ளர் என் வீட்டுப் பரணில்தான் கிடக்கிறது, கழுவி எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்