பிராண்ட்ஃபோர்டில் இருக்கும் மகனுக்கு

பழைய வண்ணாரப்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. வாய்தான் கட்டுக்குள் இல்லை. நேற்று காசிமேட்டுக்குப் போய் வஞ்சிரத்தை அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். நீங்கள் இருவரும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? சேர்ந்து சாப்பிடுகிறீர்களா?

போனில் எழுதினால் கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவாய். அதனால்தான் தபால்.

டெலிபோனைக் கண்டுபிடித்த கிரகாம் பெல் வீட்டு வாசலில் நீ நிற்கும் படம் வந்தது. நீ மட்டும் நிற்கிறாய். எடுத்தது யார்? சரி, போகட்டும். வெளியூர் போன்களை இணைத்துவிடும் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆயுசைக் கழித்தவளின் பிள்ளை தேடிப்பிடித்தது போல அந்த ஊருக்கே வேலைக்குப் போயிருக்கிறான் என்று எனக்குப் பெருமைதான். அப்பா மாடி வீட்டம்மா வரைக்கும் காட்டிவிட்டார்.

உன் ஊர்க் கதை உனக்குத் தெரியுமோ என்னவோ. 1876 ஆகஸ்ட் 10 அன்று பெல் பக்கத்து ஊரான பாரிஸில் (பிரான்ஸ் பாரிஸ் அல்ல, உங்கள் கனடாவின் ஒன்டாரியோ பாரிஸ்) ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிராண்ட்ஃபோர்டிலிருந்து அவருடைய பெரியப்பா பேசினார். சுமார் 13 கிலோமீட்டர், தந்திக் கம்பி வழியாக. கரகரப்புக்கு நடுவே தன் அப்பாவின் குரலும் கேட்பதுபோல் இருக்கவே, பேசுவது அப்பாதானா என்று தந்தியடித்துக் கேட்டாராம். ஏன் தந்தி தெரியுமா? அன்றைக்குக் குரல் ஒரே பக்கமாகத்தான் போனது, பதிலெல்லாம் தந்தியில்தான். நம் வீட்டில் இப்போதும் அதே ஏற்பாடுதான் நடக்கிறது. நான் பேசி அனுப்புகிறேன், நீ இரண்டு சொல் எழுதுகிறாய்.

எக்ஸ்சேஞ்சில் பேச்சைக் கேட்கக் கூடாது என்பது விதி. ஆனால் பலகையில் விளக்கு எரியும், இணைப்புக் கம்பியைச் செருகி, டிக்கெட்டில் நேரம் குறித்து, லைன் சரியாகக் கிடைத்ததா என்று பார்க்கும்போது காதில் விழத்தானே செய்யும்? 'எல்லாரும் சௌக்கியம்' என்று சொல்லும் குரல் எப்போது பொய் சொல்கிறது என்று இந்தக் காதுக்குத் தெரியும். தீபாவளியன்று நீ சொன்னதும் காதில் விழுந்தது. முன்பெல்லாம் உன் குரலுக்குப் பின்னால் 'அத்தையிடம் கொடுங்கள்' என்று ஒரு சத்தம் வரும். அன்று ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தம்தான் வந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

1878-ல் பாஸ்டனில் எம்மா நட் என்ற பெண்ணை எக்ஸ்சேஞ்ச் வேலைக்கு எடுத்தார்கள். அதற்கு முன் பையன்கள்தான். கூப்பிட்டவர்களிடம் வெடுக்கென்று பேசி, திட்டவும் செய்வார்களாம். ஆண்பிள்ளைகளின் பொறுமை அப்போதே அவ்வளவுதான்! நம் சென்னைக்கும் 1882-லேயே எக்ஸ்சேஞ்ச் வந்துவிட்டது.

பெல்லின் மனைவி மேபலுக்குக் காது கேட்காது. ஐந்து வயதில் வந்த காய்ச்சலில் போனது. உலகத்துக்கே குரலை அனுப்பியவர், பெண்டாட்டியிடம் பேச வேண்டுமானால் எதிரில் உட்கார்ந்து முகத்தைக் காட்டித்தான் பேச வேண்டும். மேபல் அவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். 1877-ல் கல்யாணம் ஆனதும் கம்பெனியில் தன் பங்கில் பத்தை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தையெல்லாம் பெல் மேபல் பேருக்கே எழுதிவிட்டார். பங்கை எழுதச் சொல்லவில்லை. எதிரில் உட்காரச் சொல்கிறேன். டிவியை அணைத்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார். திருவொற்றியூர் சித்தப்பா வீட்டில் ஒருவருக்கொருவர் பேசாமலே இருந்து கடைசியில் என்ன ஆயிற்று என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படித்தவன், கெட்டிக்காரன், எல்லாம் சரி. வாய் மட்டும் உன் அப்பாவுக்கு நேர்மாறு. எதிரில் உட்கார்ந்து பேசு.

வேலையில் ஏதாவது பிரச்சினையா? அதுவாக இருந்தால் எனக்குப் பாதி நிம்மதி.

உங்களுக்குச் சனிக்கிழமை இரவு, எங்களுக்கு ஞாயிறு காலை. அப்போது கூப்பிடு. முகம் காட்டாவிட்டாலும் பரவாயில்லை, குரல் போதும். வேளைக்குச் சாப்பிடு.

மிளகாய்த்தூளும் கருவாடும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நார்த்தங்காய் ஊறுகாய் தனிப் பொட்டலம். அதன்மேல் அவள் பெயர் எழுதியிருக்கிறது. நீ பிரிக்காமல் அவள் கையில் கொடு. கொடுத்துவிட்டு எனக்கு எழுதாதே, பேசு.

அன்புடன்,
அம்மா