கோயில் மண்டபத்தில் அந்தத் தாள்களை வைத்துவிட்டுப் போன அம்மாவுக்கு

அம்மா, நீங்கள் ஆரென்று தெரியாது. பின்னேரம் விளக்கு வைத்துப் பிள்ளைகளைப் பஞ்சபுராணம் பாடப் பழக்குவது எப்படி என்று எழுதி, திருநீற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் நீங்கள் வைத்த கையெழுத்துத் தாள் இப்போது எங்கள் ஒழுங்கையில் பல வீடுகளின் சாமியறையில் ஒட்டியிருக்கிறது. மனம் நிறைந்த நன்றி.

வேலையும் ரியூசனும் குசினியுமாக ஓடும் தாய்தகப்பனுக்கு வேண்டியது அறிவுரை இல்லை, வழி. அதைத்தான் எழுதியிருந்தீர்கள். ரியூசன் முடிந்து பசியோடு வரும் பிள்ளையைப் பாடச் சொன்னால் அழுகைதான் வரும். ஆகவே பின்னேரத் தேத்தண்ணி குடித்து, முகம் கால் கழுவிய கையோடு விளக்கு. பஞ்சபுராணம் என்ற ஐந்து திருமுறைப் பாட்டுகளையும் ஒரேயடியாகத் திணிக்காமல் கிழமைக்கு ஒன்று. முதலில் தேவாரம்: திங்களும் செவ்வாயும் முதல் இரண்டு அடி, புதனும் வியாழனும் மற்ற இரண்டு, வெள்ளி முழுப்பாட்டு. ஐந்தாம் கிழமை பெரியபுராணம். தொடக்கத்திலும் முடிவிலும் 'திருச்சிற்றம்பலம்' சொல்வது கடைக்குட்டியின் பொறுப்பு. எழுத்துத் தெரியாத பிள்ளைக்கும் அதில் பங்கு இருக்கிறது.

திரியைப் பற்றி எழுதியது தனி அருமை. முழுத்திரியையும் நல்லெண்ணெயில் ஊறவிட்டு, நுனி ஒரு அரிசி நீளம் மட்டும் வெளியே. கூட இழுத்தால் புகைக்கும், பிள்ளைகள் இருமிக்கொண்டு எழும்பிவிடுவார்கள். ஊறாத திரி கருகி அணைந்துபோகும்.

தவறிய நாளுக்கு மறுநாள் இரண்டு மடங்கு பாடத் தேவையில்லை, விட்ட அடியிலிருந்து தொடருங்கள் என்ற வரி களைத்த தாய்மாருக்குப் பெரிய ஆறுதல்.

ஒரு வேண்டுகோள். மார்கழியில் பத்து நாளும் பாடும் திருவெம்பாவையில் பாட்டு இருபது. விடியப்புறம் பிள்ளைகளை எழுப்பிப் பாடவைக்க அதற்கும் ஒரு தாள் எழுதி, அதே இடத்தில் வைப்பீர்களா?