பீட்சா அட்டையில் ஐந்து கட்டம்

அன்புள்ள எல்லோருக்கும்,

வீடு நிற்கிறது. நேற்றுத்தான் உள்ளே விட்டார்கள். சுவரெல்லாம் கரி, ஃபிரிட்ஜைத் திறக்கவே முடியவில்லை, ஆனாலும் நிற்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து ஆல்டடீனாவில் 2025 ஜனவரி 7 காட்டுத்தீயில் நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ராத்திரியோடு ராத்திரியாக அறை ஒழித்துத் தந்தவர்கள், அம்மாவின் பிரஷர் மாத்திரைக்கு அலைந்தவர்கள், மலைச்சரிவில் மண் வெட்டித் தீயை மறித்த சிறைக் கைதிகள், கியூபெக்கிலிருந்து தண்ணீர் விமானத்தோடு வந்தவர்கள், எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தமிழில்தான் எழுத வேண்டும் என்கிறார் அம்மா.

ஜனவரி 10, வெள்ளிக்கிழமை. நாங்கள் தங்கிய விடுதிக்கு எதிரே தீயணைப்பு வண்டிகள் வரிசையாக நின்றன. மலையில் புகை, இவர்களோ நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அம்மா நேராகப் போய்க் கேட்டேவிட்டார்: "ஏன் தம்பி, அங்க எரியுது, இங்க உக்காந்திருக்கீங்களே?" நான் கொஞ்சம் மரியாதை சேர்த்து மொழிபெயர்த்தேன்.

அந்தத் தீயணைப்பு வீரர் முகம் சுளிக்கவில்லை. காலி பீட்சா பெட்டியின் மூடியைக் கிழித்து, மார்க்கரால் வரைய ஆரம்பித்தார்.

காற்று அபாய எச்சரிக்கை உள்ள நாளில் புதர்த்தீ என்று அழைப்பு வந்தாலே வழக்கத்தைவிடக் கூடுதலாக வண்டி, கைக்கருவிக் குழு, புல்டோசர், ஹெலிகாப்டர் எல்லாம் ஒரே மூச்சில் கிளம்புமாம். 7ஆம் தேதி ராத்திரி அந்தக் காற்றில் பறக்கவே முடியவில்லை. ஆள் போதாவிட்டால் பக்கத்து ஊர், அப்புறம் பக்கத்து மாவட்டங்கள், அப்புறம் மாநிலம் முழுவதும். இது 1950இல் கலிபோர்னியா போட்ட ஒப்பந்தம். அதுவும் போதாதபோதுதான் பக்கத்து மாநிலமான ஆரிகனில் இருந்த இவர்களுக்கு அழைப்பு வந்தது. களத் தலைவர் கேட்காமல் ஒரு வண்டியும் நகராது. நேற்று முழுக்கத் தீயில் நின்றவர்கள் இறங்கும்போது ஏற வேண்டியவர்கள் இவர்கள். காற்று திரும்பினால் புதுத் தெருவுக்கு ஓட வேண்டியவர்களும் இவர்களே.

"உள்ளூர் நிலையம் எல்லாம் காலியா?" என்றார் அம்மா. இல்லையாம். வேறு ஊர் வண்டிகள் அங்கே வந்து உட்கார்ந்திருக்குமாம். இல்லாவிட்டால் யாருக்காவது மாரடைப்பு வந்தால் யார் போவது? இரண்டு ஸ்டென்ட் வைத்திருக்கும் அம்மா, "அதுவும் சரிதான்" என்று தலையாட்டினார்.

கடைசியாக ஐந்து கட்டம் போட்டார், அவர்களுடைய ஐந்து வண்டி. பக்கத்தில் சின்னதாக ஒன்று, அது அவர்கள் குழுத் தலைவரின் பிக்கப். ஐந்தும் சேர்ந்தே போகும், சேர்ந்தே திரும்பும் என்றார்.

நான் 11 வருடமாக வாடிக்கையாளர் சேவையில் இருக்கிறேன். எரிச்சலோடு வந்த ஒருத்தருக்கும் நான் படம் வரைந்து காட்டியதில்லை.

அன்று சாயங்காலமே அவர்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். பெயர் கேட்கத் தோன்றவில்லை. மறுநாள் விடியற்காலையிலிருந்தே அம்மா அட்டையும் கையுமாக ஜன்னலில் நின்றார். வெகுநேரம் கழித்து பிக்கப் வந்தது, பின்னாலேயே நான்கு வண்டி. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஐந்தாவது, சிக்னலில் மாட்டிக்கொண்டிருந்தது.