மிருதங்கம் கற்கும் அண்ணன் மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

போன வாரம் போனில் கேட்டாயே, "அத்தை, ஜாஸ் கேட்கணும்னு ஆசையா இருக்கு, எங்கேருந்து ஆரம்பிக்கிறது? தேடினா நூறு பேர் வராங்க, எல்லாரையும் மேதைன்னு போட்டிருக்கு" என்று. பஸ்ஸில் நின்றுகொண்டு பதில் சொல்ல முடியவில்லை. இதே கேள்வியை வேறு சிலரும் என்னிடம் கேட்டிருப்பதால் எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன். ஆனால் இது உனக்குத்தான். உன் கையை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

அந்த நூறு பேரும் மேதைகள்தான். அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் நீ கச்சேரிக்குப் போனால் பாடகரை விட்டுவிட்டு மிருதங்கக்காரர் விரலையே பார்த்துக்கொண்டிருப்பவள். ஜாஸையும் அப்படியே கேள். டிரம்ஸ் வாசிப்பவரின் பின்னாலேயே போ. ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் தாமாகவே காதில் வந்து விழும்.

முதலில் கேட்க ஒரே ஒரு பதிவு சொல்கிறேன். 'டிப்பர்மவுத் ப்ளூஸ்'. கிங் ஆலிவரின் கிரியோல் ஜாஸ் குழு 1923 ஏப்ரலில் இண்டியானா மாநிலம் ரிச்மண்டில் ஜெனெட் நிறுவனத்துக்காக வாசித்தது. ஸ்டுடியோவை ஒட்டி ரயில் பாதை. ரயில் போனால் பதிவை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். மைக் கிடையாது. ஒரு பெரிய கூம்பு, அதன் வாயைப் பார்த்து எல்லோரும் நின்று வாசிக்க வேண்டும். ஒலியின் அதிர்வே ஊசியை ஆட்டி மெழுகுத் தட்டில் கோடு கீறும். அந்தக் குழுவில் இரண்டாவது கார்னெட் (குட்டி ட்ரம்பெட் மாதிரி) வாசித்த இளைஞன் லூயி ஆம்ஸ்ட்ராங். அவன் ஊதினால் மற்றவர் சத்தமெல்லாம் அமுங்கிப் போகிறது என்று அவனைத் தள்ளித் தூரத்தில் நிற்க வைத்தார்கள். குழுவின் பியானோக்காரி, பிறகு அவனை மணந்துகொண்ட லில் ஹார்டின், இதைப் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இதில் டிரம்ஸ் எங்கே என்று தேடினால் உனக்கு ஏமாற்றமாக இருக்கும். டக் டக் என்று ஒரு மரக்கட்டை ஒலி மட்டும் கேட்கும். வாசித்தவர் நியூ ஆர்லியன்ஸின் பேபி டாட்ஸ். அந்தக் காலத்தில் அவருக்கு மேல் ஆள் இல்லை என்று உடன் வாசித்தவர்கள் சொன்ன கை. பெரிய டிரம்மை அடித்தால் ஊசி துள்ளிவிடும் என்பதால் அவரிடம் கட்டையைக் கொடுத்து வாசிக்கச் சொல்லிவிட்டார்கள். மிருதங்க வித்வானை மேடையில் உட்காரவைத்து, மிருதங்கத்தை வாங்கி வைத்துக்கொண்டது போல. 1920களின் தொடக்கத்தில் வந்த ஜாஸ் தட்டுகள் எல்லாவற்றிலும் இந்த ஊனம் உண்டு. நாம் கேட்பது, அன்று அந்தக் குழு வாசித்த சிகாகோ அரங்கில் ஆடியவர்கள் கேட்டதல்ல. தட்டை மட்டும் கேட்டு, 'அந்தக் காலத்து டிரம்ஸ் இவ்வளவுதான்' என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கொதிக்கும்.

இங்கேதான் புத்தகம் வேண்டும். பேபி டாட்ஸ் தன் கதையை லாரி காரா என்ற வரலாற்று ஆசிரியரிடம் சொல்ல, அது 'தி பேபி டாட்ஸ் ஸ்டோரி' என்று 1959-ல் வந்தது. சின்னப் புத்தகம். அதில் 'டிப்பர்மவுத் ப்ளூஸ்' பதிவைப் பற்றி ஒரு செய்தி இருக்கிறது. பாட்டில் ஓரிடத்தில் எல்லோரும் நின்றுவிட, டாட்ஸ் மட்டும் தனியாக வாசித்து இட்டு நிரப்ப வேண்டும் என்று ஏற்பாடு. அந்த இடம் வந்தது. டாட்ஸுக்கு மறந்துவிட்டது! தட்டு சுற்றிக்கொண்டிருக்கிறது, நிறுத்த முடியாது. பாஞ்சோ வைத்திருந்த பில் ஜான்சன் சட்டென்று "ஓ, ப்ளே தட் திங்!" என்று கத்தி அந்த வெற்றிடத்தை அடைத்தார். தட்டை வெளியிட்டவர்கள் அதை அப்படியே விட்டுவிட்டார்கள். பிறகு அந்தப் பாட்டை வாசித்தவர்களெல்லாம், பல பத்தாண்டுகள் வரை, அதே இடத்தில் அதே கூச்சலைப் போட்டார்கள். ஒருவர் கை நின்றுபோன கணம் அந்தப் பாட்டின் அங்கமாகவே ஆகிவிட்டது.

இதைப் படித்துவிட்டு மறுபடி அந்தத் தட்டைப் போட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதுவரை அந்தக் குரலை உற்சாகத்தில் எழுந்த ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன்.

டாட்ஸின் உண்மையான கை கேட்க வேண்டுமா? 1946-ல் அவரைத் தனியாக உட்காரவைத்து, பேசச் சொல்லி, வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தார்கள். ஃபோக்வேஸ் நிறுவனம் வெளியிட்டது. ஸ்னேர் என்ற சின்ன டிரம்மில் அவர் உருட்டும் உருட்டலைக் கேள். 1923-ன் கட்டைச் சத்தத்துக்குப் பின்னால் எத்தனை பெரிய வாசிப்பு ஒளிந்திருந்தது என்பது புரியும்.

ஏன் டிரம்மில் ஆரம்பிக்கச் சொல்கிறேன் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாக இழுத்துவரப்பட்டவர்களிடமிருந்து முதலில் பிடுங்கப்பட்டவற்றில் டிரம்மும் ஒன்று. 1739-ல் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் கிளர்ச்சி நடந்தது. அடுத்த வருடமே டிரம் வைத்திருப்பதைத் தடை செய்து சட்டம் போட்டார்கள். செய்தி சொல்லும் கருவி என்று அவ்வளவு பயம். நியூ ஆர்லியன்ஸின் காங்கோ சதுக்கத்தில் மட்டும், ஞாயிற்றுக்கிழமைகளில், கூடி அடிக்கவும் ஆடவும் விட்டார்கள். நூறாண்டு கழித்து அந்த ஊரிலிருந்தே இந்த இசை கிளம்பியதை நான் தற்செயல் என்று எண்ணவில்லை.

லயம் பற்றிச் சொல்லிவிடுகிறேன், நீ சீக்கிரம் பிடித்துக்கொள்வாய். ஜாஸில் ஒவ்வொரு அடியையும் திஸ்ரமாக, அதாவது மூன்றாகப் பிரித்து நினை: தகிட. நடு எழுத்தை விழுங்கிவிடு. 'த.ட த.ட' என்று ஓடும். ஸ்விங் என்று அவர்கள் சொல்வது ஏறக்குறைய இதுதான். ஏறக்குறைய என்றுதான் சொல்ல முடியும்; வேகம் ஏற ஏற அந்த இடைவெளி சுருங்கிச் சமமாகிவிடும், ஆளுக்கு ஆள் மாறவும் செய்யும். கை தட்டினால் சமத்தில், அதாவது முதல் அடியில், தட்டாதே. நாலில் இரண்டாவதிலும் நாலாவதிலும் தட்டு. முதல் நாள் கஷ்டமாக இருக்கும். ப்ளூஸ் என்றால் பெரும்பாலும் 12 பார்; ஒரு பார் என்பது நாலு அடி. நாற்பத்தெட்டு அட்சரத்துக்கு ஓர் ஆவர்த்தனம் என்று வைத்துக்கொள். எத்தனை பேர் மாறி மாறி வாசித்தாலும் அந்தச் சுற்று உடையாது. சில இடங்களில் டிரம்ஸும் சாக்ஸபோனும் நாலு நாலு பாராக மாற்றி மாற்றி வாசிப்பார்கள். தனி ஆவர்த்தனத்தில் குறைப்பு (இருவர் மாறி மாறி, சுருக்கிக்கொண்டே வாசிப்பது) கேட்டுப் பழகியவளுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

இனி கொஞ்சம் வேகமாகப் போகிறேன். டிரம்மர் சிக் வெப்: முதுகெலும்புக் காசநோயால் கூன் விழுந்த குள்ள உருவம், ஹார்லெமின் சவாய் நடன அரங்கை ஆண்டவர். 1937-ல் கிளாரினெட்காரர் பென்னி குட்மேனின் குழு அங்கே அவரோடு போட்டிக்கு வந்தது. குட்மேனின் டிரம்மர் ஜீன் க்ரூப்பா வெப்புக்குத் தலை வணங்கிவிட்டுப் போனார். அந்த இரவை யாரும் பதிவு செய்யவில்லை. படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கவுன்ட் பேசி குழுவின் டிரம்மர் ஜோ ஜோன்ஸிடம் நில். சர்வலகு என்று நாம் சொல்லும் சீரான ஓட்டத்தை அவர் பெரிய டிரம்மிலிருந்து எடுத்து, காலால் மூடித் திறக்கும் ஹை-ஹாட் சிம்பலுக்குக் கொண்டுபோனார். அதன் பிறகு குழு முழுவதும் தரையில் கால் படாமல் நடப்பது போல ஆகிவிட்டது. கன்சாஸ் சிட்டியில் ஒரு நள்ளிரவு வாசிப்பில், வழி தவறித் தடுமாறிய ஒரு பையன் காலடியில் ஜோன்ஸ் சிம்பலைக் கழற்றி வீசினார். அந்தப் பையன் பின்னாளில் சாக்ஸபோன் மேதையான சார்லி பார்க்கர். தலையைக் குறிபார்த்து எறிந்ததாகவும் இந்தக் கதை உலவுகிறது. அங்கே இருந்த பேஸ்காரர் ஜீன் ரேமி சொன்னது காலடியில் என்றுதான். ஜாஸ் புத்தகங்களில் இப்படிக் காரம் கூட்டுவது நிறைய உண்டு, ஜாக்கிரதையாகப் படி. பட்டி போல்டன் என்று ஒரு கார்னெட்காரர், ஜாஸின் ஆதி புருஷர் என்பார்கள். அவர் வாசிப்பில் ஒரு துளிகூட நம் கைக்கு வரவில்லை. 1907-ல் மனநல விடுதியில் சேர்க்கப்பட்டு 1931-ல் அங்கேயே இறந்தார். அவர் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார், பத்திரிகை நடத்தினார் என்றெல்லாம் நாற்பது வருடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். டொனால்ட் மார்க்விஸ் என்பவர் ஊர்ப் பதிவேடுகளைப் புரட்டி 1978-ல் ஒரு புத்தகம் எழுதி அவற்றையெல்லாம் கழித்துக் கட்டினார். கதைகள் போன பிறகும் அந்த மனிதர் சிறுத்துவிடவில்லை. எனக்கு இன்னும் நெருக்கமானார்.

இன்னொரு டிரம்மர் கென்னி கிளார்க், சர்வலகுவை ஹை-ஹாட்டிலிருந்தும் எடுத்து மேலே தொங்கும் பெரிய சிம்பலுக்கு மாற்றினார். கால் விடுதலையானது. எதிர்பாராத இடத்தில் பேஸ் டிரம்மில் ஓர் அடி. உலகப் போர்க் காலம், அதற்குக் 'குண்டு போடுவது' என்று பெயர் வந்தது. ஹார்லெமில் மின்டன்ஸ் என்ற விடுதியில் இந்தப் புது வாசிப்பு முளைத்துக்கொண்டிருந்த நேரத்தில், 1942 ஆகஸ்டில், இசைக்கலைஞர் சங்கம் பதிவுக் கம்பெனிகளுக்கு எதிராக வேலைநிறுத்தம் அறிவித்தது. பெரிய கம்பெனிகள் இறங்கிவர 1944 நவம்பர் ஆயிற்று. பீபாப் என்ற அந்தப் புது வாசிப்பு பிறந்து வளர்ந்த வருடங்கள் அப்படியே காற்றில் போயின. நல்லவேளையாக ஜெர்ரி நியூமேன் என்ற கல்லூரி மாணவர் 1941-லேயே மின்டன்ஸுக்குத் தன் சொந்தக் கருவியைத் தூக்கிப் போயிருந்தார். கிடார்காரர் சார்லி கிறிஸ்டியன் கிளார்க்கோடு வாசித்தது அதனால்தான் நமக்குக் கிடைத்தது. மறு வருடம் கிறிஸ்டியன் காசநோயில் போய்விட்டார், வயது இருபத்தைந்து. அந்தப் பதிவின் இரைச்சலையும் கரகரப்பையும் பொறுத்துக்கொண்டு கேள்.

பிறகு 1945 நவம்பரில் பதிவான பார்க்கரின் 'கோ-கோ'வைக் கேட்டால் தடை நீங்கியதும் மடை திறந்ததுபோல இருக்கும். டிரம்ஸ் மாக்ஸ் ரோச், வயது இருபத்தொன்று. அந்த வேகத்தில் சொல் பிசகாமல் வாசிப்பது எத்தனை கடினம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது, உனக்குத் தெரியும். அவரே 1966-ல் 'தி டிரம் ஆல்சோ வால்ட்ஸஸ்' என்று யாருடைய துணையும் இல்லாமல் வாசித்திருக்கிறார். காலால் மூன்றைப் பிடித்துக்கொண்டு கையால் பேசுவார். அதை உன் குருவுக்கும் போட்டுக் காட்டு.

ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' (1959) இல்லாத பட்டியலே கிடையாது, அதனால் எப்படியும் கேட்பாய். முதல் உருப்படி 'ஸோ வாட்'. அதன் சுரங்கள் நம் கரகரப்பிரியா ராகம். பதினாறு பார் கழித்து அதையே அரைச் சுரம் மேலே தூக்கி எட்டு பார், பிறகு பழைய இடத்துக்கு எட்டு. ஒன்றரை நிமிடம் தாண்டி மைல்ஸ் தனியாக ஊத ஆரம்பிக்கும் கணத்தில் டிரம்மர் ஜிம்மி காப் சிம்பலில் ஒன்று போடுகிறார். அது அந்த அறை முழுக்கப் பரவி மெல்ல அடங்குகிறது. அந்த ஸ்டுடியோ முன்பு தேவாலயமாக இருந்த கட்டடம். கொஞ்சம் ஓங்கி அடித்துவிட்டேனோ என்று காப்புக்கே அப்போது தோன்றியதாம். இந்தத் தட்டு உருவான கதையை ஆஷ்லி கான் ஒரு புத்தகமாகவே எழுதியிருக்கிறார். தட்டையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள். சாக்ஸபோன்காரர் ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். அதன் மூன்றாம் பகுதி டிரம்மர் எல்வின் ஜோன்ஸின் தனியோடு தொடங்கும். அதைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன். இருட்டில் தனியாகக் கேள்.

ஒரு செய்தியைக் கடைசிக்கு வைத்திருந்தேன். 1958-ல் அமெரிக்க அரசு டேவ் ப்ரூபெக் குழுவை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அனுப்பியது. சென்னைக்கும் வந்தார்கள். குழுவின் டிரம்மர் ஜோ மொரெல்லோ, பிறந்ததிலிருந்தே கண் பார்வை குறைவானவர், இங்கே வானொலி நிலையத்தில் யாரோடு வாசித்தார் தெரியுமா? பழனி சுப்பிரமணிய பிள்ளையோடு! நீ தினமும் கும்பிட்டுவிட்டுச் சாதகம் தொடங்குகிற அதே படத்திலிருக்கும் இடது கைக்காரர்தான். மறு வருடம் அந்தக் குழு 'டேக் ஃபைவ்' வாசித்தது. ஐந்தடி. நாம் கண்டத்தைத் 'தக தகிட' என்று பழகியிருக்கிறோம், அது 'தகிட தக' என்று போகும். அதில் மொரெல்லோவின் தனியில் எத்தனை இடத்தை மௌனமாக விடுகிறார் என்று கவனி. பிள்ளைவாளிடமிருந்து எடுத்தது என்று நான் சொல்ல வரவில்லை, அதற்கு ஆதாரம் கிடையாது. இரண்டு பேரும் ஒரு நாள் எதிரெதிரே உட்கார்ந்தார்கள் என்பதே எனக்குப் போதும்.

புத்தகம் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நாட் ஷாப்பிரோவும் நாட் ஹென்டாஃபும் தொகுத்த 'ஹியர் மி டாக்கின் டு யா' (1955) வாங்கு. முழுக்க முழுக்கக் கலைஞர்களே பேசுகிறார்கள். முன்னுக்குப் பின் முரணாகப் பேசுவார்கள், சண்டை போடுவார்கள். என்னுடையது லஸ் முனையில் நடைபாதைக் கடையில் அட்டையில்லாமல் வாங்கிய பிரதி, உனக்கென்று எடுத்துவைத்திருக்கிறேன்.

பொங்கல் விடுமுறைக்கு வரும்போது மிருதங்கத்தைக் கொண்டுவா. 'டிப்பர்மவுத் ப்ளூஸ்' போடுகிறேன். பேபி டாட்ஸுக்கு மறந்துபோன அந்த இடம் இரண்டு பார், எட்டு அட்சரம், உனக்கு ஓர் ஆதி தாள ஆவர்த்தனம். பில் ஜான்சன் கத்துவதற்கு முன்னால் நீ எடுத்துவிட வேண்டும்.

அன்புடன்,
அத்தை